முள்முருங்கை வைக்கும் பந்தி

குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் பறவைகளுக்குத் தீனித்தட்டு வைப்பார்கள். கூடலூர் பக்கம் நாடுகாணியில் அந்த வேலையை முள்முருங்கை மரமே பார்த்துக்கொள்கிறது. தை, மாசியில் இலை உதிர்ந்து, கிளையெல்லாம் செக்கச்செவேலென்று பூத்துவிடும். தேன் குடிக்க மைனா, சின்னான், தேன்சிட்டு, துடுப்புவால் கரிச்சான் எல்லாம் வரும். பூவிலிருந்து தலையை எடுக்கும்போது பாருங்கள், கரிச்சானின் நெற்றியில் மகரந்தம் அப்பியிருக்கும். இந்தக் கொடுக்கல் வாங்கலைப் பற்றிப் பறவையியலாளர் சாலிம் அலி 1932-லேயே விரிவாக எழுதினார்.

படமெடுக்க இதைவிடத் தோதான மரம் கிடையாது, இலை மறைக்காது. வெயில் முதுகுப்பக்கம் விழும்படி, சற்றுத் தள்ளி, அசையாமல் நில்லுங்கள். கிட்டே வரவழைக்கக் கைப்பேசியில் பறவையின் குரலை மட்டும் ஒலிக்கவிடாதீர்கள். போட்டிக்கு வேறொன்று வந்துவிட்டதென்று பதறி, தீனியை விட்டுவிடும்.