மங்கும் பார்வையும் மருத்துவம் நாடும் காலமும்



பார்வை மங்கத் தொடங்கியவுடன் இல்லங்களில் முதலில் எழும் சொல், 'வயதாகிவிட்டது. இனி இப்படித்தான்' என்பதே. இச்சொல்லில் பாதி உண்மை உண்டு. மறுபாதியில் பேரிடர் உண்டு. பார்வை மங்குதல் தனியொரு நோயன்று. பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறி. அவற்றுள் சில கண்ணாடியால் தீரும். சில அறுவையால் தீரும். சிலவோ ஒருநாள் தாழ்த்தினும் மீட்க இயலாத இழப்பைத் தரும். எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் காத்திருக்கலாகாது என்று பிரித்தறிவதே பார்வையைக் காக்கும் முதல் அறிவு.

வெளியிலிருந்து வரும் ஒளி கருவிழிப் படலத்தையும், அதன் பின்னுள்ள வில்லையையும் கடந்து, விழித்திரையில் குவிந்து, பார்வை நரம்பின் வழியே மூளையைச் சென்றடைகிறது. இவ்வழியில் எவ்விடத்தில் குறை நேர்ந்தாலும் காட்சி மங்கும்.

ஒளி சரியாகக் குவியாமையே மிகப் பரவலான காரணம். தொலைவில் உள்ளவை தெளியாதிருப்பது கிட்டப்பார்வை. அருகில் உள்ளவை தெளியாதிருப்பது தூரப்பார்வை. 40 வயதை ஒட்டி வில்லையின் நெகிழ்ச்சி குறைவதால் நூலைக் கைநீட்டிப் பிடித்துப் படிக்க நேர்வது வெள்ளெழுத்து. இவை அனைத்தும் தக்க கண்ணாடியால் சீராகும். ஆயினும் தெருக்கடையில் ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்வோர்க்கு எழுத்துத் தெரியுமேயன்றி, கண்ணின் உள்நிலை தெரியாது.

குழந்தைகள் தம் பார்வைக் குறையைத் தாமே உணர்ந்து சொல்வதில்லை. கரும்பலகையைக் கண் சுருக்கிப் பார்த்தல், நூலை முகத்தருகே கொண்டுசெல்லுதல் ஆகியவற்றைப் பெற்றோரே கவனித்தல் வேண்டும். மாறுகண்ணை 'அதிர்ஷ்டம்' என்று விட்டுவிட்டால், அக்கண்ணின் பார்வை வளராமலே நின்றுவிடக்கூடும். இளமையிலேயே மருத்துவம் செய்தால் பயன் மிகுதி. குழந்தையின் கண்மணியில் வெண்மை தெரிந்தால் ஒருநாளும் தாமதிக்கலாகாது. அது புற்றுநோயாகவும் இருக்கக்கூடும்.

முதுமையில் வில்லை மெல்ல மெல்ல வெளிறுவது கண்புரை. பனிமூட்டத்தினூடே பார்ப்பதுபோல் தோன்றும்; எதிரே வரும் வண்டியின் விளக்கு கண்ணைக் கூசச் செய்யும். 'புரை முற்றட்டும்' என்று காத்திருந்த காலம் போய்விட்டது. அன்றாட வேலைக்கு இடையூறு நேர்ந்தபோதே அறுவை செய்துகொள்ளலாம். மிக முற்றிய புரை அறுவையைக் கடினமாக்குவதோடு, வேறு தொல்லைகளையும் விளைவிக்கும். 1976-இல் மருத்துவர் வெங்கடசாமி அவர்கள் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று புதுச்சேரி உட்படப் பல ஊர்களில் கிளைத்துள்ளது. அரசு மருத்துவமனைகளிலும் இவ்வறுவை நடைபெறுகிறது. பணமில்லை என்பதற்காக எவரும் இருளில் இருக்க வேண்டியதில்லை.

இனி, ஓசையின்றி வரும் இரண்டு பகைகள். ஒன்று நீரிழிவு. அது விழித்திரையின் நுண்ணிய குருதிக் குழாய்களைச் சிதைக்கும். தொடக்கத்தில் வலியும் இராது, மங்கலும் இராது. ஆகவே நீரிழிவுடையோர், பார்வை நன்றாயிருப்பினும், ஆண்டுக்கொருமுறை கண்ணுக்கு மருந்திட்டு விழித்திரையைச் சோதித்துக்கொள்ளல் வேண்டும். மற்றொன்று கண்நீர் அழுத்த நோய். அது பார்வை நரம்பை அரித்துப் பக்கப் பார்வையை முதலில் பறிக்கும். போன பார்வை திரும்பாது, எஞ்சியதைக் காக்கலாம். குடும்பத்தில் ஒருவர்க்கு இருந்தால், உடன்பிறந்தாரும் மக்களும் சோதித்துக்கொள்வது கடமை.

அன்றே மருத்துவரை நாட வேண்டிய நிலைகளும் உண்டு. கண்ணுள் மின்னல் வெட்டுவதுபோல் ஒளி தோன்றுதல், கரும்புள்ளிகள் திடீரெனப் பெருகுதல், ஒருபுறம் திரை விழுந்தாற்போல் மறைதல் ஆகியன விழித்திரை விலகுவதன் அறிகுறிகள். கண் சிவந்து, கடுமையாக வலித்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தோன்றி, வாந்தியும் வந்தால் அதனைப் பித்தத் தலைவலி என்று கருதிச் சுக்குக் கஷாயம் குடித்துப் படுத்துவிடலாகாது. கண்ணழுத்தம் திடீரென ஏறியதன் அடையாளம் அது. வலியே இன்றி ஒரு கண் சட்டென்று இருண்டாலும் நிலைமை அவசரமே. பார்வைக் குறையோடு பேச்சுக் குழறினாலோ, வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, அது பக்கவாதம். உடனே 108-ஐ அழைத்தல் வேண்டும்.

உழவுத் தொழிலுடையோர்க்கு ஒரு சொல். கதிரடிக்கையில் நெற்சுனையோ வைக்கோல் நுனியோ கண்ணில் பட்டால், தாய்ப்பாலோ இலைச்சாறோ விடலாகாது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தும் ஆகாது. சிறு கீறல் சீழ்ப்புண்ணாகிக் கருவிழியையே வெளிறச் செய்யும். சுண்ணாம்பு தெறித்தால் அவ்விடத்திலேயே தூய நீரால் கால்மணி நேரமேனும் கழுவிவிட்டு, பின்னர் மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

இறுதியாக, செலவில்லாத சோதனை ஒன்று. ஒரு கண்ணின் குறையை மற்றொரு கண் மறைத்துவிடுவதால், ஒரு கண் மங்கியதைப் பலர் பல மாதங்கள் அறிவதேயில்லை. மாதம் ஒருமுறை, கண்களை ஒவ்வொன்றாக மூடி, சுவரிலுள்ள நாட்காட்டியையும் சன்னல் கம்பிகளையும் பாருங்கள். எழுத்து மங்கினாலோ, நேரான கம்பி வளைந்து தெரிந்தாலோ, மருத்துவரைக் காண்பதைத் தள்ளிப்போடாதீர்கள். இல்லத்து முதியோரையும் இவ்வாறு பார்க்கச் சொல்லுங்கள். 'பிள்ளைகளுக்குத் தொல்லை' என்று அவர்கள் வாய்திறவாதிருப்பார்கள். கேட்க வேண்டியவர்கள் பிள்ளைகளே.