போதையும் பெரியோர் கடமையும்

(வாலிபர் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



போதைப் பழக்கத்திலிருந்து வாலிபரைக் காப்பது எப்படி என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு சங்கச் செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். இத்தகைய கூட்டங்களில் பேசுவோர் வாலிபரை நோக்கியே பேசுவது வழக்கம். நானோ முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோரை நோக்கியும் சில சொல்ல எண்ணியுள்ளேன். அதற்குக் காரணம் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

இறக்காமத்திலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் நாம் வயலை நம்பி வாழ்பவர்கள். மாரி மழை கொட்டத் தொடங்கிய பின்னர் வரம்பு கட்டப் புறப்படுபவன் நல்ல விவசாயி அல்லன். வட்டையில் வெள்ளம் புகுமுன்னரே வரம்பைச் செதுக்கி, உடைப்பை அடைத்து வைப்பவனே விளைச்சல் காண்பான். போதைத் தடுப்பும் அத்தகையதே. பிள்ளை விழுந்த பின் அழுவது ஒன்று. விழாமற் காப்பது இன்னொன்று.

நம் முன்னோர் இதில் அசட்டையாக இருக்கவில்லை. திருக்குறளில் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. 94ஆம் அதிகாரம் சூது. 95ஆம் அதிகாரம் மருந்து. கள்ளையும் சூதையும் விலக்கச் சொன்ன கையோடு, உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்ணுமாறு வள்ளுவர் சொல்கிறார். தீயதை விலக்குவதும் தேகத்தைப் பேணுவதும் ஒரே பாடத்தின் இரு பாதிகள் என்பதை இவ்வரிசையே உணர்த்துகிறது. 1897இல் கொழும்பில் வந்திறங்கி யாழ்ப்பாணம் வரை சென்ற சுவாமி விவேகானந்தர், வாலிபருக்கு முதலில் வேண்டுவது உடல் வலிமையே என்று வற்புறுத்தியவர். நம் அயலூரான காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளார் 1929இல் மட்டக்களப்பில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கியபோது, கல்வியோடு ஒழுக்கத்தையும் பயிற்றும் இடமாகவே அதனை நடத்தினார்.

இலங்கையில் மதுவிலக்கு இயக்கத்துக்கும் நீண்ட வரலாறு உண்டு. 1904இல் எழுந்த அவ்வியக்கம், 1912இல் ஆங்கில அரசாங்கத்தின் புதிய மதுவரித் திட்டத்தால் கள்ளுக்கடைகள் பெருகியபோது நாடெங்கும் கொழுந்துவிட்டு எரிந்தது. 1927 நவம்பரில் காந்தியடிகள் இங்கு வந்தபோது, யாழ்ப்பாணத்து மாணவர் காங்கிரசின் வாலிபர் முன்னின்று அவரை வரவேற்றனர். மதுவிலக்கும் அவர் அங்கு பேசிய பொருள்களுள் ஒன்று.

ஆனால் அன்பர்களே, அக்காலத்தில் எதிரி கள்ளுக்கடை. அது தெருவில் நின்றது, கண்ணுக்குத் தெரிந்தது, மூடவும் முடிந்தது. இன்றைய எதிரி சட்டைப்பையில் அடங்குகிறது. "மாவா" என்றும் "பாபுல்" என்றும் பாக்கோடு சேர்த்து விற்கப்படும் பொட்டலம்; கஞ்சாச் சுருள்; "ஐஸ்" என்று சொல்லப்படும் மெத்தாம்பெட்டமின் என்னும் இரசாயனப் பளிங்கு. ஐஸ் முதலில் உறக்கத்தை விரட்டி, உற்சாகம் தருவதுபோல் நடிக்கும். பின்னர் நெஞ்சு படபடக்கும், உணவு வெறுக்கும், பல் சிதையும், பெற்ற தாயையே சந்தேகிக்கச் செய்யும். 2022ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இதைக் கடத்துவோருக்கு மரண தண்டனை வரை விதிக்க இடமளிக்கிறது. அரசு கயிற்றைக் காட்டினாலும், பையனின் கை பொட்டலத்தை நோக்கி நீளுமுன் அதைப் பிடிக்கவேண்டியவர்கள் நாமே.

இப்போது நான் சொல்வதாக வாக்களித்த காரணத்துக்கு வருகிறேன்.

நான் ஆசிரியனாக இருந்த காலத்தில் பத்தாம் வகுப்பில் ஒரு மாணவன். கரப்பந்தாட்டத்தில் அவனுக்கு நிகர் இல்லை. ஒருநாள் அவன் வாயில் மாவா இருப்பதைக் கண்டேன். வகுப்பு முழுவதும் பார்த்திருக்க அவனை எழுப்பி, வாயைத் திறந்து காட்டச் சொல்லி, ஏசி, வெளியே அனுப்பினேன். ஒழுக்கத்தைக் காத்துவிட்டதாக மனத்தில் ஒரு பெருமையும் கொண்டேன். அவன் மறுநாள் வரவில்லை. அதன் பின்பும் வரவில்லை. நானும் அவன் வீட்டுக்குப் போகவில்லை.

பல ஆண்டுகள் கழிந்து, அக்கரைப்பற்றுப் பஸ் நிலையத்தில் ஒருவர் என்னைக் கண்டு எழுந்து நின்றார். அவனேதான். என்னோடு தேநீர் குடிக்க இருந்தான். அவன் வாய் இரண்டு விரல் அகலமும் திறக்கவில்லை. பாக்கின் நஞ்சு கன்னத்தின் உட்சதையை நாராய் இறுக்கிவிட்டது. காரம் பட்டால் எரிகிறதென்றும், சோற்றைப் பிசைந்து சிறுகச் சிறுக ஊட்டிக்கொள்வதாகவும் சொன்னான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "சேர், அண்டைக்கு என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருந்தா, நான் எல்லாத்தையும் சொல்லியிருப்பன்."

அவன் சொல்லாத ஒன்றையும் நான் சொல்லவேண்டும். அவனை ஏசிய அந்த வேளையில் என் வாயிலும் வெற்றிலை இருந்தது.

பெரியோர்களே, கலியாண வீட்டிலும் துக்க வீட்டிலும் வெற்றிலை வட்டாவை நீட்டாமல் நாம் எவரையும் வரவேற்பதில்லை. அது நம் மரபு, மரியாதையின் அடையாளம். ஆனால் பாக்கே புற்றுநோய்க்குக் காரணம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004இல் வெளியிட்ட அறிக்கை உறுதிசெய்தது. புகையிலை சேராவிட்டாலும் ஆபத்தே. இலங்கை ஆண்களிடையே மிகுந்து காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே. வட்டாவை மரியாதைக்கு வைப்போம், மெல்லுவதை நிறுத்துவோம். நம் வாய் சிவந்திருக்க, பிள்ளையின் வாயைத் திறக்கச் சொல்லும் உரிமை நமக்கு ஏது? நானும் அப்பஸ் நிலையத்திலிருந்து திரும்பிய நாள் முதல் வெற்றிலை தொடுவதில்லை.

அச்சுறுத்திப் பேசுவதாலும் பயங்கரப் படங்களைக் காட்டுவதாலும் மட்டும் இளையோர் திருந்துவதில்லை என்பதை, ஐக்கிய நாடுகள் சபையின் போதைத் தடுப்பு நெறிமுறைகளும் எடுத்துக் கூறுகின்றன. பெற்றோர் பிள்ளை உறவு, மறுத்துச் சொல்லும் திறன், நல்ல பள்ளிச் சூழல் இவையே பலன் தருவன. ஐஸ்லாந்து என்றொரு நாடு உண்டு. பெயரைக் கேட்டு நகைக்க வேண்டாம். 1998இல் அங்கே பதினைந்து, பதினாறு வயதினரில் 42 வீதமானோர் முந்திய ஒரு மாதத்துள் குடித்து வெறித்திருந்தனர். 2016இல் அது 5 வீதமாகக் குறைந்தது. அவர்கள் செய்தது என்ன? மாலை வேளைகளை விளையாட்டாலும் இசையாலும் நிரப்பினர். பெற்றோர் பிள்ளைகளோடு கூடுதலான நேரத்தைச் செலவிட்டனர். இரவில் பிள்ளைகள் தெருவில் அலையாதபடி ஊரே கவனித்தது.

இவற்றுள் எது நம்மால் முடியாதது? மைதானம் உண்டு, கரப்பந்து உண்டு, கோயில் உண்டு, பஜனை உண்டு. அயலவரான இஸ்லாமியச் சகோதரரின் மார்க்கமும் போதையை முற்றாக விலக்குகிறது. கோயிலும் பள்ளிவாசலும் ஒரே குரலிற் பேசினால் விற்பவன் எங்கே நிற்பான்?

வாலிப நண்பர்களே, உங்களுக்கு ஐந்து சொற்கள். ஒன்று: நாளுக்கு ஒரு மணி நேரமேனும் வியர்க்க ஆடுங்கள் அல்லது உழையுங்கள். இரண்டு: இரவில் எட்டு மணி நேரம் உறங்குங்கள், கைத்தொலைபேசியும் உங்களோடு உறங்கட்டும். மூன்று: காலை உணவைத் தவறவிடாதீர்கள். நான்கு: நாளில் சிறிது நேரம் கண்மூடி அமைதியாக இருந்து பழகுங்கள். ஐந்து: "வேண்டாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். உங்களைப் பரிகசித்துக் குடிக்கத் தூண்டுபவன் நண்பன் அல்லன்.

யாரேனும் தவறி விழுந்திருந்தால் அவரை ஊரார் முன் நிறுத்தாதீர்கள். தனியே அழையுங்கள், கேளுங்கள், கேட்டதை ஊருக்குச் சொல்லாதீர்கள். அடிமைப்பட்டவனுக்கு வேண்டுவது வைத்தியம். 1984இல் நிறுவப்பட்ட அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையை 1927 என்னும் இலக்கத்தில் அழைத்து ஆலோசனை பெறலாம். வாயில் வெள்ளைப் படலமோ, இரண்டு வாரத்துக்குமேல் ஆறாத புண்ணோ இருந்தால் அரசாங்க வைத்தியசாலையில் பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு மாலை, வயதில் மூத்த ஒருவர் மைதானத்து ஓரத்தில் அமர்ந்திருக்கட்டும். அவர் உபதேசம் செய்யவேண்டாம். பிள்ளைகள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாற் போதும். முதல் வாரம் நானே வருகிறேன். அன்று கேட்காமல் விட்ட கேள்வியை இனியேனும் கேட்க எனக்கு அது ஒரு வாய்ப்பு.

எல்லாம் வல்ல இறைவன் நம் பிள்ளைகளைக் காத்தருள்வானாக. வணக்கம்.