சிகரெட்டுக்கு விடை கொடுக்க ஒரு நாள் குறிப்போம்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் காலை அமர்வில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "டாக்டர், உடல்நலத்தைப் பத்தி ஒரு பதினஞ்சு நிமிஷம் பேசணும்" என்றார். "எதைப் பற்றி?" என்று கேட்டேன். "எதை வேணும்னாலும் பேசுங்க, ஆனா பயமுறுத்தாம பேசுங்க" என்றார். எனவே, சிகரெட் பிடித்தால் என்னென்ன வியாதி வரும் என்ற பட்டியலை நான் படிக்கப் போவதில்லை. அதைப் பெட்டியின் மேலேயே படம் போட்டு அச்சடித்திருக்கிறார்கள். என்னிடம் வருகிறவர்கள் யாரும் "சிகரெட் நல்லதா, கெட்டதா?" என்று கேட்பதில்லை. "விடணும்னுதான் சார் இருக்கேன், முடியலை" என்றுதான் சொல்கிறார்கள். இந்தப் பேச்சு அவர்களுக்காக.

விட முடியாதவர்களை நாம் மன உறுதி இல்லாதவர்கள் என்று சொல்லிவிடுகிறோம். அவர்களும் அதை நம்பிவிடுகிறார்கள். எந்த உதவியும் இல்லாமல் விடுகிறவர்களில், ஒரு வருஷம் கழித்தும் தொடாமல் இருப்பவர்கள் நூற்றுக்கு 3 முதல் 5 பேர்தான். மற்ற தொண்ணூற்றைந்து பேரும் உறுதி இல்லாதவர்களா? குடும்பத்தைக் காப்பாற்றியவர்கள், கடனை அடைத்தவர்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் அவர்கள். அவர்களிடம் உறுதி இருக்கிறது, முன்தயாரிப்பு இல்லை.

கணக்கைப் பாருங்கள். ஒரு இழுப்பில் உள்ளே போகும் நிக்கோடின் 20 வினாடிக்குள் மூளையை எட்டிவிடுகிறது. ரத்தத்தில் உள்ள அளவு சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. குறையக் குறைய மூளை அடுத்ததைக் கேட்கிறது. நாளைக்கு 10 சிகரெட், ஒன்றுக்கு 10 இழுப்பு என்று வைத்துக்கொண்டால், வருஷத்துக்கு 36,500 தடவை. இருபது வருஷத்தில் ஏழு லட்சத்துக்கு மேல். இத்தனை தடவை எழுதிப் பார்த்த பாடம் ஒரே ராத்திரியில் மறந்துவிடுமா?

நம்மிடையே ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்களில் பலர், ஒரு மண்டலம் முழுக்க ஒரு சிகரெட்கூடத் தொடுவதில்லை. ரமலான் நோன்பு வைக்கும் நண்பர்கள் பகல் முழுக்கத் தொடுவதில்லை. இவர்களெல்லாம் மற்ற நாட்களில் வேறு ஆளா? இல்லை. மாலை போடுகிறவருக்கு ஒரு தேதி இருக்கிறது. ஊருக்கே விஷயம் தெரியும். "சாமி" என்று கூப்பிடுகிறவர்கள் சிகரெட்டை நீட்டுவதில்லை. விடியற்காலைக் குளியலில் தொடங்கி அவருடைய நாளின் ஒழுங்கே மாறிவிடுகிறது. மாலையைக் கழற்றியதும் இந்த ஏற்பாடுகள் எல்லாம் போய்விடுகின்றன. பெட்டிக்கடை மட்டும் அதே இடத்தில் இருக்கிறது! அந்த ஏற்பாடுகளை நாமே செய்துகொள்வதுதான் நான் சொல்லும் முன்தயாரிப்பு.

முதல் வேலை, தேதி. இன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் ஒரு நாள். "பொண்ணு கல்யாணம் முடியட்டும்", "ரிடையர் ஆகட்டும்" என்பதெல்லாம் தேதி ஆகாது. "படிப்படியாக் குறைச்சுக்கறேன்" என்பவர்களுக்கு ஒரு தகவல். இங்கிலாந்தில் சுமார் 700 பேரிடம் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், குறித்த நாளில் ஒரேயடியாக நிறுத்தியவர்களில் நான்கு வாரம் தாக்குப்பிடித்தவர்கள் 49 சதவீதம். இரண்டு வாரம் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தியவர்களில் 39 சதவீதம். இரண்டு பிரிவினருக்குமே ஆலோசனையும் நிக்கோடின் மருந்தும் கிடைத்தன என்பதையும் கவனியுங்கள்.

தேதி குறித்தபின் வருவது ஸ்டடி லீவு. சட்டைப் பையில் ஒரு சிறு நோட்டு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சிகரெட்டையும் எத்தனை மணிக்கு, எங்கே, யாரோடு பிடித்தீர்கள் என்று எழுதுங்கள். நான்கு நாளில் கேள்வித்தாள் 'லீக்' ஆகிவிடும். காலைக் காபிக்குப் பின் ஒன்று, கழிவறைக்குப் போகும் முன் ஒன்று, பதினோரு மணிக்கு டீக்கடையில் ஒன்று, சாப்பிட்டபின் ஒன்று, மேலதிகாரி திட்டியபின் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே பதில் எழுதுங்கள். காபியை வேறு இடத்தில் உட்கார்ந்து குடிப்பேன். சாப்பிட்டதும் எழுந்து பல் தேய்ப்பேன். பதினோரு மணிக்கு டீக்கடைக்குப் போகாமல் மோர் குடிப்பேன். அற்பமாகத்தான் தெரியும். ஆனால் அந்த நேரம் வரும்போது யோசிக்கத் தெம்பு இருக்காது. பதில் கையில் இருக்க வேண்டும்.

முந்தின நாள் ராத்திரி வீட்டிலும் வண்டியிலும் ஆபீஸ் மேஜையிலும் இருக்கும் பெட்டி, லைட்டர், சாம்பல் கிண்ணம் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். "ஆத்திர அவசரத்துக்கு" என்று ஒன்றை ஒளித்து வைக்காதீர்கள். அந்த அவசரம் மறுநாளே வந்துவிடும். வீட்டில் சொல்லுங்கள். டீக்கடைத் தோழர்களிடம், "எனக்கு நீட்டாதீங்கப்பா" என்று சொல்லுங்கள்.

டாக்டரிடம் போவதில் வெட்கம் வேண்டாம். நிக்கோடின் சூயிங்கம் 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என இரு அளவில் வருகிறது. எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் பிடிப்பவருக்கு 4 மில்லிகிராம் தேவைப்படும். சாதாரண சூயிங்கம் போல விடாமல் மெல்லக்கூடாது. மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவைத்து, காரம் குறைந்தபின் மறுபடி மெல்ல வேண்டும். அதற்கு முன் 15 நிமிடம் காபி, டீ, குளிர்பானம் கூடாது. மாத்திரைகளும் உண்டு, அவற்றை டாக்டர் எழுதித்தான் வாங்க வேண்டும். 2018-லிருந்து பெட்டியின் மேலேயே 1800-11-2356 என்ற இலவச எண்ணை அச்சிடுகிறார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் மையத்திலிருந்து தமிழிலும் ஆலோசனை சொல்கிறார்கள்.

இனி அந்த முதல் நாட்கள். கடைசி சிகரெட் முடிந்த 20 நிமிடத்தில் இதயத் துடிப்பு குறையத் தொடங்குகிறது. சுமார் 12 மணி நேரத்தில் ரத்தத்தில் உள்ள கார்பன் மோனாக்சைடு இயல்பு நிலைக்கு இறங்குகிறது. உள்ளே இவ்வளவு நல்லது நடந்தாலும் வெளியே நமக்குக் கிடைப்பது எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை, வேலையில் கவனமின்மை! இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சம். அதன்பின் தணிந்து, இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஒன்றை மனதில் வையுங்கள். "இப்பவே வேணும்" என்ற அந்த வேகம் பெரும்பாலும் சில நிமிடங்கள்தான் இருக்கும். நீங்கள் பிடித்தாலும் அது போய்விடும், பிடிக்காவிட்டாலும் போய்விடும். கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு தம்ளர் தண்ணீரை மெதுவாகக் குடியுங்கள். தெருமுனை வரை நடந்துவிட்டு வாருங்கள். வாயில் ஏலக்காயோ கிராம்போ போட்டுக்கொள்ளுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடுவது மட்டும் வேண்டாம். அது வேறு வாசல் வழியாக அதே வீட்டுக்குள் நுழைவது.

காபிப் பிரியர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சிகரெட் புகை, உடம்பில் உள்ள கஃபீன் சீக்கிரம் கரைய வழி செய்கிறது. நிறுத்தியதும் அது மெதுவாகத்தான் கரையும். அதே நான்கு டம்ளர் காபி, ஏறக்குறைய எட்டு டம்ளர் குடித்தது போல் வேலை செய்யும். படபடப்பும் தூக்கமின்மையும் வந்தால் அது காபியாகவும் இருக்கலாம். எனவே முதல் வாரம் பாதியாகக் குறையுங்கள். சிலருக்கு மலச்சிக்கல் வரும். கீரை, வாழைப்பழம், தண்ணீர் போதும். எடை முதல் வருஷத்தில் சராசரியாக 4, 5 கிலோ கூடக்கூடும். நடந்தால் குறையும். அதற்காகச் சிகரெட்டுக்குத் திரும்பத் தேவையில்லை.

குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. எங்கள் செட் நண்பர் ஒருவர் இந்த அரங்கிலேயே இருக்கிறார். சொல்லலாம் என்று அனுமதி தந்திருக்கிறார். 52 வயதில் மாரடைப்பு வந்து பிழைத்தவர். விட்ட மூன்றாம் நாள் ராத்திரி அவர் மனைவி எனக்குப் போன் செய்தார். "அண்ணே, தட்டைத் தூக்கி எறிஞ்சுட்டார். பிள்ளைங்க பயந்துபோய் இருக்குதுங்க. ஒண்ணே ஒண்ணு பிடிச்சுக்கச் சொல்லிடுங்க, என்னால பார்க்க முடியலை" என்று அழுதார். நான், "இது உச்சமான நாள்மா, இன்னும் ரெண்டு நாள் பொறுத்துக்குங்க, அவரைக் கொஞ்சம் வெளியே நடக்க அனுப்புங்க" என்றேன். அந்த அம்மா பொறுத்துக்கொண்டார். அந்த ராத்திரி அவர் ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்திருந்தால் நாம் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் நண்பர் இன்று நம்மோடு இருந்திருப்பாரா என்பதும் எனக்குச் சந்தேகம்தான். மூன்றாம் நாள் கோபம் மனிதனுடையதல்ல, நிக்கோடினுடையது. அதற்காக எறிந்த தட்டை அவர் மறுநாள் தானே எடுத்துவைத்து மன்னிப்புக் கேட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்!

இவ்வளவும் செய்து நடுவில் ஒன்று பிடித்துவிட்டால்? ஒரு பேப்பரில் அரியர் விழுந்தால் படிப்பையே விட்டுவிட்டா போனோம்? எந்தக் கேள்வியில் தவறினோம் என்று நோட்டில் எழுதிவிட்டு, மிச்சப் பெட்டியை எறிந்துவிட்டு, அன்றே தொடருங்கள்.

"இந்த வயசுக்கு மேல விட்டு என்னப்பா ஆகப்போகுது?" என்று என் வயதுக்காரர்கள் கேட்பார்கள். பிரிட்டிஷ் டாக்டர்களையே 1951 முதல் 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவை 2004-ல் ரிச்சர்ட் டால் குழுவினர் வெளியிட்டார்கள். புகை பிடிப்பவர்கள் சராசரியாக 10 ஆண்டு முன்னதாக இறந்தார்கள். 60 வயதில் விட்டவர்கள் அதில் 3 ஆண்டை மீட்டார்கள். 50-ல் விட்டவர்கள் 6. 40-ல் விட்டவர்கள் 9. 30-ல் விட்டவர்கள் ஏறக்குறைய பத்தையும். பேரன் பேத்தியோடு மூன்று வருஷம் என்றால் சும்மாவா?

தம்பிகளே, அந்தப் பத்தும் இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. கேட் பக்கத்தில் சில்லறையில் வாங்கும் ஒன்றும், இ-சிகரெட்டும் அதே நிக்கோடின்தான். இ-சிகரெட் விற்பனையை 2019-லேயே சட்டம் தடை செய்துவிட்டது.

மதிய உணவுக்குப் போகும் முன் ஒரு வேண்டுகோள். கையில் இருக்கும் அழைப்பிதழின் பின்பக்கம் ஒரு தேதி எழுதுங்கள். பக்கத்தில் இருக்கும் வகுப்புத் தோழரிடம் அதைக் காட்டி, "மூணாம் நாள் ராத்திரி எனக்குப் போன் பண்ணுடா" என்று சொல்லுங்கள். பழைய நட்பு இதற்குக்கூட உதவாவிட்டால் வேறு எதற்கு?