கையில் இருப்பது சி.எஸ்.ஆரா, எஃப்.ஐ.ஆரா?

(கிளை நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நூலகத்துல வந்து போலீஸ், கோர்ட்டு, ஜெயில்னு பேசறானேன்னு நினைக்காதீங்க. ஒரு வழக்குல சிக்கிக்கிட்ட குடும்பத்துக்குப் பணத்துக்கும் முன்னாடி தேவைப்படறது தகவல். அதைத் தேடித் தர்ற இடம் நூலகம்தானே?

போன மாசம் ஒரு அக்கா பர்ஸுல இருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினாங்க. "எஃப்.ஐ.ஆர். போட்டாச்சு தம்பி, ரெண்டு வருஷமா கோர்ட்டுல இருந்து கூப்பிடவே இல்லை"ன்னாங்க. பிரிச்சுப் பார்த்தா அது சி.எஸ்.ஆர்.! புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையத்தில் தரும் மனு ரசீது, அவ்வளவுதான். வழக்குப் பதிவானால்தான் எஃப்.ஐ.ஆர்., அதாவது முதல் தகவல் அறிக்கை. ரெண்டும் ஒண்ணுன்னு நம்பி அந்த அக்கா ரெண்டு வருஷம் காத்திருந்திருக்காங்க.

எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். பதிவு செய்ய மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்துமூலம் அனுப்பலாம். எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் காவல்துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றம் போன்ற வழக்குகளுக்கு இதில் விலக்கு உண்டு. அதனால தேடிக் கிடைக்கலைன்னா வழக்கே இல்லைன்னு முடிவு கட்டிடாதீங்க.

வழக்கு கோர்ட்டுக்குப் போனதும் 16 இலக்க சி.என்.ஆர். எண் கிடைக்கும். நம்ம ஊர் வழக்குன்னா 'டி.என்.'னு தொடங்கும். 'இ-கோர்ட்ஸ் சர்வீசஸ்' செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது என்று தெரியும். எண் தெரியாவிட்டால் பெயரை வைத்தோ, எஃப்.ஐ.ஆர். எண்ணை வைத்தோ தேடலாம். ஜாமீன்ல இருக்கிறவர் வாய்தாவுக்குப் போகலைன்னா பிடிவாரண்ட் வரலாம். தேதி தெரியலைங்கன்னு அப்புறம் சொல்லிப் பெரிசா பயன் இல்லை. செயலியில் தேதி ஏறத் தாமதமாகலாம், வக்கீலிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

வக்கீல் வைக்க வசதியில்லையா? 15100-க்குப் போன் பண்ணுங்க. பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் இலவச சட்ட உதவி பெற வருமான வரம்பு கிடையாது.

உள்ளே இருக்கிறவங்க கையில போன் கிடையாது, அவங்களுக்குச் சிறை நூலகம்தான். 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் 'கூண்டுக்குள் வானம்' என்று சிறைத்துறை அரங்கு அமைத்து, சிறைவாசிகளுக்காக மக்களிடம் புத்தகங்களை நன்கொடையாகப் பெற்றது. கதைப் புத்தகம் கொடுத்தவங்களுக்கு நன்றி. எளிய தமிழ்ல இருக்கிற சட்டப் புத்தகமும் ஒண்ணு சேர்த்துக் கொடுத்தா, உள்ளே பலபேர் கைமாறிப் படிப்பாங்க.

கூட்டம் முடிஞ்சதும் போனை எடுத்துட்டு வாங்க, செயலியை இறக்கித் தர்றேன். வழக்கு எண்ணை மட்டும் சத்தமா சொல்லாதீங்க, தாள்ல எழுதிக் காட்டினா போதும்.