கைவேலைக் கோல்

ஸ்னூக்கர் ஆட்டம் பிறந்தது நம் நாட்டில்தான் என்று சொன்னால் நேயர்களிற் சிலர் வியப்படையக்கூடும். 1875-ஆம் ஆண்டில் ஜபல்பூரில் தங்கியிருந்த பிரிட்டிஷ் படையினருள் நெவில் சேம்பர்லேன் என்றோர் இளம் அதிகாரி இருந்தார். பின்னாளில் இங்கிலாந்தின் பிரதமராக விளங்கிய சேம்பர்லேன் வேறு; இவர் வேறு. அக்காலத்தில் வழங்கிய வேறு சில ஆட்டங்களுடன் மேலும் சில வண்ணப் பந்துகளைக் கூட்டி இவர் அமைத்த ஆட்டமே ஸ்னூக்கர். 1882-இல் உதகமண்டலத்துக் கிளப்பில் அதன் விதிகள் எழுதி மாட்டப்பெற்றன என்பது வரலாறு. ஆக, ஆட்டம் நமது மண்ணில் தோன்றியது. ஆனால் ஆடுகின்ற கோல் மட்டும் நெடுங்காலம் கப்பலேறியே இங்கு வந்துகொண்டிருந்தது. நல்ல கோல் வேண்டுவோர் இன்றும் பெரும்பாலும் இங்கிலாந்தையோ தாய்லாந்தையோதான் எதிர்நோக்குகின்றனர்.

அந்தக் கோலைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். குறிப்பாக, கையால் இழைத்துச் செய்யப்படும் கோலை வாங்க விரும்புகிறவர் எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்த்து மயங்கலாகாது என்பதே பொருள்.

பழைய காலத்தில் பில்லியர்ட்ஸ் ஆடியவர்கள் நுனியில் கட்டை பொருத்திய தடியால் பந்தைத் தள்ளினார்கள். பந்து மேசையின் ஓரத்தை ஒட்டி நின்றுவிட்டால் அந்தக் கட்டையால் அதனைத் தொட இயலாது. அப்போது தடியைத் திருப்பி, அதன் வால்புறத்தால் இடித்தார்கள். வாலுக்குப் பிரெஞ்சு மொழியில் க்யூ என்று பெயர். கோலுக்கு இன்று வழங்கும் பெயர் அதுவே. மிங்கோ என்ற பிரெஞ்சுப் படைத்தலைவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் முனையில் தோலை ஒட்டினார். அதன் பிறகே பந்தைச் சுழல வைக்கவும், சென்றதைத் திரும்பி வரச் செய்யவும் மனிதனுக்குக் கை வந்தது. இத்தனை வித்தைக்கும் கருவி ஏறக்குறைய ஐந்தடி நீளமுள்ள ஒரு மரத்துண்டுதான்.

மரத்துண்டுதானே என்று எளிதாக நினைத்துவிடலாகாது. பெயர்பெற்ற தச்சர் செய்த கோல் ஒன்றின் விலை நம் நாட்டு அலுவலக எழுத்தர் ஒருவரின் மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். செல்வர் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி நமக்குக் கவலையில்லை. கிளப்பிலோ, தெருமுனைக் கூடத்திலோ மணிக்கணக்கில் பணம் கட்டி ஆடிப் பழகி, மாநிலப் போட்டிக்குப் போகும் அளவுக்குத் தேறிய இளைஞருக்கு ஒரு கோல் வாங்கிக் கொடுப்பது அவர் வீட்டில் ஒரு பெருஞ்செலவு. அது வீணாகக் கூடாது.

முதலில் மரம். கோலின் தண்டுக்கு உகந்தவை இரண்டு: ஆஷ், மேப்பிள். இரண்டும் குளிர்நாட்டு மரங்கள். ஆஷ் மரத்தில் இளவேனிற்காலத்து வளர்ச்சியின் துளைகள் பெரியனவாக இருப்பதால் ரேகை கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். தண்டினை நுனிநோக்கிக் கூம்ப இழைக்கும்போது அந்த ரேகைகள் மேற்புறத்தில் அம்புத்தலைகள் அடுக்கியதுபோல வரிசையாகத் தோன்றும். அவை அழகுக்கு மட்டும் உரியவை அல்ல. எந்த மரமும் எல்லாப் பக்கத்திலும் ஒரே அளவு வளைந்து கொடுப்பதில்லை. அம்புத்தலை எப்போதும் மேலே இருக்குமாறு பிடித்தால், ஒவ்வோர் அடிக்கும் கோல் ஒரே விதமாகப் பேசும். மேப்பிளில் ரேகை மிக மெல்லியது. தண்டு வழவழப்பாகக் கையில் ஓடும். இதனை விரும்புவோரும் உண்டு. ஆனால் தொடக்கக்காரருக்கு ஆஷ் மரமே நல்லது என்பது என் துணிபு. ரேகை அவருக்கு ஓர் அடையாளக் கோடாக உதவும். மரத்தில் குறையிருந்தால் அதையும் அது மறைக்காது.

அம்புத்தலைகள் எத்தனை என்று எண்ணி விலை பேசுவோர் இருக்கிறார்கள். அது வீண் வேலை. ரேகை நுனிமுதல் அடிவரை நேராக ஓடுகிறதா, இடையில் பக்கவாட்டில் நழுவிப் போகிறதா என்பதே கேள்வி. நழுவிய ரேகையுள்ள தண்டு இன்று நேராக இருந்தாலும் நாளை எந்தப் பக்கம் சாயும் என்று யாரும் உறுதி கூற முடியாது.

நல்ல தச்சர் மரத்தை வாங்கியவுடன் வேலை தொடங்குவதில்லை. அதனை நெடுங்காலம் ஆறப்போடுகிறார். பிறகு சதுரமாக அறுத்து, சில காலம் நிறுத்திவைத்து, எது கோணுகிறது, எது நிலைத்து நிற்கிறது என்று பார்க்கிறார். கோணியதை ஒதுக்கிவிடுகிறார். மரத்தில் ஒரு பகுதியைச் செதுக்கி நீக்கும்போதெல்லாம் உள்ளே அடங்கிக் கிடந்த இழுவிசை வெளிப்பட்டு அது அசைந்து கொடுக்கும். ஆகவே இழைப்பது, ஓய்வு கொடுப்பது, மறுபடி இழைப்பது என்று வேலை நடைபெறும். நாற்பட்டையை எண்பட்டையாக்கி, எண்பட்டையைப் பதினாறு பட்டையாக்கி, கடைசியில் உருண்டையாக்குவது இழைப்புளியின் வேலை. கைவேலைக் கோலுக்கு நாம் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி இந்தக் காத்திருப்புக்கு உரியது.

அடுத்தது கைப்பிடி. ஆஷ் மரம் இலேசானது. பின்கையில் கனம் வேண்டும். அதற்காக அடிப்பகுதியில் கருங்காலியைச் சேர்க்கிறார்கள். நம் மொழியில் காட்டிக்கொடுப்பவனைக் கருங்காலி என்று ஏசுகிறோம். பாவம், இந்த மரம் அப்படி என்ன செய்ததோ! நீரில் போட்டால் மூழ்கும் அளவு கனமும், நுண்மையான உடலும் உடைய இதைவிட நம்பகமான மரம் கைப்பிடிக்குக் கிடைப்பது அரிது. தண்டின் அடியைச் சரிவாக இழைத்து ஒரு பக்கத்தில் கருங்காலித் துண்டை வச்சிரமிட்டு ஒட்டுவார்கள். பிறகு அதன் எதிர்ப்பக்கம், பிறகு மற்ற இரு பக்கங்கள். நான்கு பக்கமும் மூடியபின் அதனை உருட்டி இழைக்கும்போது, கருங்காலி நான்கு கூம்புகளாக ஆஷ் மரத்தின்மேல் ஏறி நிற்கும்.

இங்கேதான் வாங்குபவர் கண்ணைத் திறந்துகொள்ள வேண்டும். கையால் இணைத்த கோலில் அந்த நான்கு கூம்புகளின் உச்சியும் கோயில் மாடத்து வளைவுபோல மழுங்கி உருண்டிருக்கும். இயந்திரத்தால் வெட்டிப் பொருத்தியதில் உச்சி ஊசிபோலக் கூர்மையாக இருக்கும். இயந்திர இணைப்பு கெட்டது என்று நான் சொல்லவில்லை. உறுதியில் அது பல வேளைகளில் சிறந்ததே. ஆனால் அதனைக் கைவேலை என்று சொல்லி, கைவேலைக்குரிய விலையை வாங்குவது முறையன்று. கையால் மெருகிட்டது, கையால் முடித்தது என்றெல்லாம் சீட்டில் அச்சிட்டிருப்பார்கள். கடைசி நாளன்று எண்ணெய் தடவியதும் கைதானே! ‘இணைப்பு யார் கை? தண்டை இழைத்தது எது?’ என்ற இரண்டு கேள்விகளுக்கும் நேரான விடை வராவிட்டால் பணப்பையை மூடிவிடுவது நலம்.

சென்னையில் எனக்குப் பழக்கமான ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தந்தை அரசு அலுவலர். மகன் நன்றாக ஆடுபவன். வைப்பு நிதியிலிருந்து முன்பணம் பெற்று, படத்தைப் பார்த்தே ஒரு கோலை அஞ்சலில் வரவழைத்தார் தந்தை. சிவப்பும் பச்சையுமாக நான்கு வரித்தகடுகள், முத்துச்சிப்பி பதித்த பட்டயம், வெல்வெட்டுப் பெட்டி, எல்லாம் இருந்தன. இரண்டு மழைக்காலம் கழிந்தது, தண்டு வில்லாயிற்று. பையன் கிளப்புச் சட்டத்தில் கிடந்த பொதுக்கோலை எடுத்து ஆடத் தொடங்கினான். தந்தைக்கு ஆட்டம் தெரியாது. பெட்டி மூலையில் கிடப்பதைக் கண்டு, பிள்ளைக்கு ஆர்வம் தீர்ந்துவிட்டது என்று அவர் மனம் நொந்தார். அவர் பட்ட கடனை நினைத்துப் பையனும் வாய் திறக்கவில்லை. ஆறு மாதம் இருவரும் இப்படியே இருந்தார்கள்.

அந்தக் கிளப்பின் மார்க்கர், மேசைகளைத் துடைத்தும் நுனித்தோல் மாற்றியும் நாற்பதாண்டு கழித்த பெரியவர், ஒருநாள் தந்தையை அழைத்து, “ஐயா, தம்பி மேல் குற்றமில்லை, கோல்தான் கோணல்” என்று எடுத்துக்காட்டினார். பிறகு அவரே, ஆட்டத்தை விட்டுவிட்ட ஓர் உறுப்பினரிடமிருந்து பழைய ஒற்றைக்கோல் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். விலை முன்னதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. “இருபது மழைக்காலம் பார்த்தும் வளையாத கோல், இனியா வளையப் போகிறது?” என்பது அவர் வாதம். பையன் இன்றும் அதைக்கொண்டே ஆடுகிறான். பழைய பொருள் என்று நேயர்கள் முகம் சுளிக்க வேண்டாம் என்பதற்காகவே இதனை விரிவாகச் சொன்னேன்.

கோல் நேராக இருக்கிறதா என்று பார்க்க, அதனை மேசைமீது உருட்டுவது வழக்கம். இது அரைச் சோதனையே. கைப்பிடியின் அடியில் ஒரு பக்கம் தட்டையாக இழைத்திருப்பதால் நல்ல கோலும் தட்டித் தட்டி ஓடும். கைப்பிடியின் முனையைக் கண்ணருகில் வைத்து, வெளிச்சத்தை நோக்கி நீட்டி, மெல்லச் சுழற்றிக்கொண்டே நுனியைப் பார்க்க வேண்டும். நுனி வட்டமிட்டால் கோல் கோணல். மயிரிழை வளைவு எல்லா மரத்திலும் இருக்கும். அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. பிறகு தண்டை இலேசாகப் பிடித்துக்கொண்டு, கைப்பிடியின் அடியை உள்ளங்கையால் தட்டிக் கேட்க வேண்டும். ஒரே கட்டையான ஓசை வந்தால் நல்லது. உள்ளே சிலம்பினாலோ கிறுகிறுத்தாலோ எங்கோ ஒட்டு விட்டிருக்கிறது, அல்லது மூட்டு தளர்ந்திருக்கிறது.

அளவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்றடிக்குக் குறையலாகாது என்பதே விதி. வழக்கில் பெரும்பாலானவை 57 அல்லது 58 அங்குலம். நிமிர்ந்து நின்றால் தோளுக்கும் மோவாய்க்கும் இடையே கோல் எட்டினால் போதுமானது. எடை 17 முதல் 19 அவுன்சு வரை. நுனி ஒன்பதரை மில்லிமீட்டரை ஒட்டி இருக்கலாம். பந்தின் குறுக்களவு 52.5 மில்லிமீட்டர் ஆதலால், மிகப் பருத்த நுனியால் நுண்ணிய சுழற்சி கொடுப்பது கடினம். மிக மெல்லியதோ சிறு பிழையையும் பெரிதாக்கிக் காட்டும். எடையைவிடச் சமநிலை முக்கியம். இரு கோல்கள் 18 அவுன்சே இருந்தும், ஒன்று முன்கையில் விழும், மற்றொன்று பின்கையில் தங்கும். இதை எந்தத் துலாக்கோலும் சொல்லாது. குனிந்து நின்று பத்துப் பந்து அடித்துப் பார்த்தால்தான் தெரியும். அடித்துப் பார்க்க இசையாத கடையில் வாங்காதீர்கள்.

ஒற்றைக்கோலா, மூட்டுக்கோலா என்பது அடுத்த வினா. ஒற்றைக்கோலின் சுவையே தனி. ஆனால் நெரிசலான மின்சார ரயிலில் ஐந்தடிப் பெட்டியோடு ஏறிப் பார்த்தவர்களுக்கு அதன் துன்பம் தெரியும். நடுவில் மூட்டு வைத்தது சுமப்பதற்கு எளிது; தண்டின் இழையோட்டம் அங்கே அறுபடுகிறது. முக்கால் மூட்டு என்பது கைப்பிடிப் பகுதியிலேயே பித்தளைத் திருகு அமைத்து, தண்டை முழுமையாக விட்டுவிடும் ஏற்பாடு. நடுத்தர வழி என்ற முறையில் அதுவே என் தேர்வு.

விலையுயர்ந்த கோல்தான் வெற்றி தரும் என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. ஸ்காட்லாந்தின் ஸ்டீபன் ஹென்ட்ரி ஏழு முறை உலகப் பட்டம் வென்றவர். அவர் சிறுவயது முதல் ஆடிய கோல் ஏறத்தாழ நாற்பது பவுனுக்கு வாங்கிய சாதாரணக் கோல். அது அவர் கைக்குப் பழகிவிட்டது, அவ்வளவே. 2003-இல் விமானப் பயணத்தின்போது அது முறிந்தது. அப்போது எந்தப் பெருந்தச்சரும் அதற்கு ஈடான ஒன்றை உடனே செய்து கொடுத்துவிட முடியவில்லை. அப்படியானால் கைவேலைக் கோல் எதற்கு என்று கேட்கலாம். நாற்பது பவுன் கோல்களில் ஹென்ட்ரியின் கோல் போன்று ஒன்று அமைவது அதிர்ஷ்டம். நல்ல தச்சரிடம் நாம் வாங்குவது, அந்த அதிர்ஷ்டத்தை நம்பியிராமல் இருக்கும் உரிமை.

வரவர மரமும் அருகி வருகிறது. 2002-இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்ட ஒருவகை வண்டு அங்குள்ள ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் அழித்துவிட்டது. 2012-இல் பிரிட்டனில் ஒரு பூஞ்சைநோய் தென்பட்டு அங்கும் ஆஷ் பட்டுப்போகிறது. நம் நீலகிரியில் விளையும் ஈட்டி மரமும் அதன் இனத்தவையும் 2017 முதல் பன்னாட்டு வாணிபக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. ஈட்டிக் கைப்பிடியுள்ள கோலை வெளிநாட்டிலிருந்து வரவழைப்போர், உரிய சான்று உண்டா என்று முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாங்கிய கோலை வெயிலில் நின்ற காரிலும், சுவரில் சாய்த்தும் வைக்கலாகாது. கிடையாகவோ, நேர் நிமிர்த்தியோ வைக்கவேண்டும். ஈரமும் வறட்சியும் மாறி மாறித் தாக்கும் நம் நாட்டில், ஆண்டுக்கு இரண்டொரு முறை ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லத் தடவித் துடைத்துவிடலாம், ஊற்றுதல் வேண்டா. உப்புத்தாள் கொண்டு தண்டைத் தேய்ப்பவர்கள், ஆண்டுக்காண்டு தம் கோலை மெலியச் செய்கிறார்கள். விமானப் பயணத்தில் பெரும்பாலும் கோலைக் கையோடு வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். ஆகவே, வெல்வெட்டு இருக்கிறதோ இல்லையோ, மேலே ஓர் ஆள் ஏறி நின்றாலும் நசுங்காத பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். கோலுக்கு ஒதுக்கிய பணத்திலேயே அதற்கும் ஒரு பங்கு எடுத்து வையுங்கள்.