பறித்ததை எண்ணித் தண்டம் போடு!



ஏப்ரல் முதல் தேதி பிறந்தால் தமிழ்நாட்டில் சம்பளம் ஏறியாக வேண்டும். சென்னை விலைவாசிப் புள்ளி எவ்வளவு ஏறியதோ, அதற்கேற்பக் குறைந்தபட்ச ஊதியத்தின் பஞ்சப்படியும் ஏறும். மனுப் போட வேண்டாம், கெஞ்ச வேண்டாம். அது சட்டம்! அந்த உயர்வு மணலியில் காண்ட்ராக்டில் உழைக்கிறவன் கைக்கு வந்ததா? எண்ணூர் கன்டெய்னர் யார்டில் லோடு இறக்குகிறவனுக்கு வந்ததா?

எப்படி விழுங்குகிறார்கள், பாருங்கள். பே ஸ்லிப்பில் முழுத் தொகை இருக்கும். பேங்கிலும் முழுத் தொகை ஏறும். மாலையில் ஏடிஎம் வாசலில் சூப்பர்வைசர் நிற்பான். மிச்சத்தை எண்ணி அவன் கையில் வைத்தால்தான் மறுநாள் கேட் திறக்கும். காகிதத்தில் குற்றமே இல்லை!

மாட்டினால் என்ன தண்டனை? 1948 குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் அபராதம் 500 ரூபாய். ஆனால் ஆறு மாதம் வரை சிறையும் இருந்தது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, முதல் குற்றத்துக்குச் சிறையையே எடுத்துவிட்டது. அபராதம் அதிகபட்சம் 50,000. அதிலும் பாதியைக் கட்டிச் சமரசம் செய்துகொள்ள வழி வைத்திருக்கிறது. ஐந்தாண்டுக்குள் மறுபடி செய்தால்தான் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கணக்குப் போடுவோம். ஒரு காண்ட்ராக்டரிடம் இருநூறு பேர். ஆளுக்கு நாளைக்கு 20 ரூபாய் குறைக்கிறான். 26 நாளில் 1,04,000. ஆண்டுக்குப் பன்னிரண்டரை லட்சத்துக்குப் பக்கம்! 25,000 கட்டிவிட்டுப் பன்னிரண்டு லட்சத்தை மடியில் கட்டுகிறவன் ஏன் சட்டத்துக்குப் பயப்படுவான்?

இதே நாட்டில் மின்சாரம் திருடினால் மூன்றாண்டு வரை சிறை. அபராதம் போட்டால், திருடி அடைந்த லாபத்தைப் போல் மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது. கம்பியில் ஓடும் கரண்டுக்கு இருக்கிற மதிப்பு எங்கள் உடம்பில் ஓடும் ரத்தத்துக்கு இல்லையா?

"கட்டுப்படியாகவில்லை" என்பார்கள். குறைந்தபட்சக் கூலிகூடக் கொடுக்க முடியாத தொழிலுக்கு இருக்கவே உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் அறுபது ஆண்டுக்கு முன்பே சொல்லிவிட்டது. அதற்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டம் தடுத்த கட்டாய உழைப்பு என்று 1982-இல் ஆசிய விளையாட்டுத் தொழிலாளர் வழக்கில் சொன்னது. தையல் ஆலைப் பெண்களுக்கு 2014-இல் அரசு கூலி உயர்த்தியபோது முதலாளிகள் கோர்ட்டுக்கு ஓடினார்கள். 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் உயர்வு செல்லும் என்றது. நிலுவையையும் கொடு என்றது. அதற்குப் பிறகும் அந்தப் பெண்கள் நிலுவைக்கு நடையாய் நடந்தார்களே!

தொழிலாளர் நலம் பொதுப்பட்டியலில் இருக்கிறது. குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு மாநிலம் திருத்தம் கொண்டுவரலாம். பழைய சட்டத்திலேயே மூன்றாண்டு வரை சிறை என்று டெல்லி திருத்தியதே! கோட்டையைக் கேட்கிறோம்: பறித்த தொகையை ஆள் கணக்கில் பெருக்கு, அதற்கு மூன்று மடங்கு அபராதம் போடு, முதல் குற்றத்துக்கே சிறை வை!

அதுவரை சும்மா இருக்க மாட்டோம். குறைத்த கூலியோடு பத்து மடங்கு வரை இழப்பீடு கேட்கலாம். அதைக் கேட்க முன்பு ஆறு மாதம் இருந்த கெடு, இப்போது மூன்று ஆண்டு. காண்ட்ராக்டர் ஓடிப்போனால் கம்பெனியே கொடுக்க வேண்டும். பே ஸ்லிப்பையும் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை காலை சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். மனு எழுத ஆள் தயார்!