கம்பி வந்தது, கட்டுரை வந்ததா?



இணையம் மெதுவாக இருக்கிறது என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். 2009-க்கு முன் கென்யாவின் நைரோபியிலோ உகாண்டாவின் கம்பாலாவிலோ பேராசிரியராக இருந்தவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்! கடலடிக் கம்பி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, பெரும்பாலும் செயற்கைக்கோள்தான். ஒரு சொல்லைத் தேடினால் அது 36,000 கிலோமீட்டர் மேலே ஏறி, வேறொரு கண்டத்தில் இறங்கி, பதில் அதே வழியில் திரும்ப வேண்டும். அரை வினாடிதானே என்பீர்கள். ஒரு பக்கம் திறக்க அப்படிப் பல நடை. பல்கலைக்கழகம் மொத்தமும் அந்த ஒரே இணைப்பில். கட்டணமோ டாலரில்! அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் வேளாண் ஆய்விதழ்களைக் குறுந்தகடுகளில் அடைத்து இப்படிப்பட்ட நாடுகளுக்கு அனுப்பியது. இணையத்தைவிடப் பார்சல் வேகம். சிரிக்காதீர்கள், நிலைமை அப்படி.

2009 ஜூலையில் ‘சீகாம்’ கடலடிக் கம்பி கென்யாவின் மொம்பாசாவில் இயங்கத் தொடங்கியது. கென்யப் பல்கலைக்கழகங்கள் ‘கெனெட்’ என்று ஏற்கெனவே ஒன்றுசேர்ந்திருந்ததால், மொத்தமாகப் பேரம் பேசி இணைப்பு வாங்க முடிந்தது.

சரி, கம்பி வந்தது. கட்டுரை வந்ததா? ஆய்வுக் கட்டுரையின் தலைப்பைத் தட்டினால் சுருக்கம் வரும். மேலே படிக்க முப்பது டாலர் எடு என்று சொல்லும். இதற்காகத்தான் 2002-ல் உலக சுகாதார நிறுவனம் பதிப்பகங்களோடு பேசி ‘ஹினாரி’ திட்டத்தைக் கொண்டுவந்தது. ஏழை நாடுகளுக்கு மருத்துவ இதழ்கள் இலவசம், அல்லது சொற்பக் கட்டணம். நல்ல திட்டம், மறுக்கவில்லை. ஆனால் 2011 ஜனவரியில் சில பெரிய பதிப்பகங்கள் பங்களாதேஷுக்குத் தந்த இதழ்களைத் திரும்ப எடுத்துக்கொண்டன. அங்கே சந்தா வியாபாரம் தலையெடுத்துவிட்டதாம்! மருத்துவ உலகம் சத்தம் போட்ட பிறகுதான் மீண்டும் திறந்தார்கள். தயவில் கிடைத்தது என்றால் இதுதான் கதி.

காசு கொடுத்தே வாங்கலாம் என்றால், ஆய்விதழ்களுக்கான ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு இந்தியா மூன்றாண்டுக்கு ஒதுக்கியது 6,000 கோடி ரூபாய். உகாண்டா எங்கே போகும்?

தயவும் நிலைக்காது, காசும் போதாது என்றால் மிச்சமிருக்கும் வழி உங்கள் கையில்தான். ஆசிரியப் பெருமக்களே, ஒரு விண்ணப்பம். அடுத்த கட்டுரை ஏற்கப்பட்டதும், பதிப்பகம் அச்சுக்கோப்பதற்கு முந்தைய உங்கள் சொந்தப் படியை, யாரும் இலவசமாகப் படிக்கும்படி, பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் ஏற்றிவிடுங்கள். பல இதழ்கள் இதற்கு அனுமதி தருகின்றன. சில ஆறு மாதமோ ஒரு வருடமோ பொறுக்கச் சொல்லும். எந்த இதழின் விதி எப்படி என்று தேடித் தர நூலகர்கள் இருக்கிறார்கள். இதோ முதல் வரிசையிலேயே. கூட்டம் கலைவதற்குள் பிடித்துக்கொள்ளுங்கள்!